திரும்பலாம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் லவால்.
சிவப்பில் நின்று, பார்த்து,
வலப்பக்கம் திரும்பலாம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மான்ட்ரியல் தீவு.
அங்கே கூடாது.
நடுவில் பான் வியோ பாலம்.
அதைத் தாண்டும் ஒன்றரை நிமிடத்தில்
ஒரு வினைச்சொல்லின் வால் மாறிவிடுகிறது.

நான் ரொட்டி வண்டி ஓட்டுகிறவள்.
அதிகாலை நாலேகாலுக்கு முப்பத்தாறு கூடைகள்
சூடு ஆறாமல், ஒன்றையொன்று உரசியபடி
என் முதுகுக்குப் பின்னால் வரும்.
கண்ணாடியில் உள்ளே ஆவி, வெளியே பனி.
போகும்போது அனுமதியிலிருந்து தடைக்கு,
வரும்போது தடையிலிருந்து அனுமதிக்கு.
பிரேக்கில் இருப்பது மட்டும் அதே கால்.

தீவில் சுலபம்.
தெரு முழுக்க ஒரு ஜீவன் இருக்காது.
சிக்னல் யாருக்காகவோ சிவந்துகொண்டிருக்கும்.
நிற்பேன். தெர்மாஸைத் திறந்து
ஒரு வாய் காபி.
யோசிக்க ஒன்றுமில்லை என்பது
எத்தனை பெரிய ஓய்வு.

கஷ்டமெல்லாம் இந்தக் கரையில்தான்.
இங்கே ஒரு 'லாம்' இருக்கிறது.
திரும்பலாம் என்றால்
திரும்பாமலும் இருக்கலாம்.
சட்டம் எழுதியவர் அதோடு பேனாவை மூடிவிட்டார்.
பின்னால் நிற்கும் பிக்கப்காரர் மட்டும்
அதை 'வேண்டும்' என்று வாசிக்கிறார்,
சத்தமாக, ஹாரனால் அடிக்கோடிட்டு.

நானும் அப்படி வாசித்தவள்தான்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்,
காலை ஒன்பது மணி, காலி வண்டி,
லோரன்டீட் சாலை முனை.
பனி வாரும் எந்திரம் ஒதுக்கிவிட்டுப் போன மேடு
ஆள் உயரம் நின்றது.
இடப்பக்கம் பார்த்தேன்.
கார்கள் அங்கிருந்துதானே வரும்.
ஒரு பஸ். ஒரு டாக்சி. ஓர் இடைவெளி.
முகம் இடப்பக்கமே இருக்க
வண்டி வலப்பக்கம் நகர்ந்தது.
பார்க்கும் திசை ஒன்று, போகும் திசை ஒன்று.
யாராவது அப்படி நடந்துபோனால்
காலையிலேயே குடித்திருக்கிறான் என்போம்.

தட். தட்.
பானட்டில் இரண்டு தட்டு. கையுறை போட்ட கை.
பம்பர் அவர் கோட்டைத் தொட்டபடி நின்றிருந்தது.
அவருக்கு ஒன்றுமில்லை.
பை கிழிந்து, கிளெமென்டைன் பழங்கள்
சாலையெங்கும் உருண்டன.
அவருக்கான எண்கள் குறைந்துகொண்டிருந்தன,
ஒன்பது, எட்டு, ஏழு.
அந்தக் கணக்குக்குள்
ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினார்.

நான் இறங்கியிருக்கலாம்.
அதுவும் ஒரு 'லாம்'.

அவர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் மறுநாள் கடையில்
மிரேயிடம் அதைச் சொல்லிச் சிரித்து
கணக்கைத் தீர்த்திருப்பேன்.
ஒரு பழம் என் முன்சக்கரத்தடியில் போயிருந்தது.
குனிந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
விட்டுவிட்டுப் போனார்.
பச்சை வந்தபோது
அதன் மேல்தான் நான் போக வேண்டியிருந்தது.

இன்று அதே முனை, இருட்டு, இன்னும் பெரிய மேடு.
கண்ணாடியில் தலைகீழாக
'பெலிவோ, கூரை வேலை' என்ற எழுத்து.
ஹாரன்.
இடப்பக்கம் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன்.
மேட்டுக்குப் பின்னால் யாராவது இருக்கக்கூடும் என்று
மறுபடி பார்த்தேன்.
யாருமில்லை. நிஜமாகவே யாருமில்லை.
மூன்றாவது ஹாரன் முடியுமுன் பச்சை வந்துவிட்டது.
அவர் என்னைச் சுற்றிக்கொண்டு
பனியை வாரி இறைத்துப் போனார்.

அடுத்த சிக்னல். சிவப்பு.
இப்போது பெலிவோ முன்னால், நான் பின்னால்.
அவருடைய வலப்பக்க விளக்கு
மினுக்கிக்கொண்டே இருக்கிறது.
வண்டி அசையவில்லை.
அங்கிருந்து அவருக்கு என்ன தெரிகிறதோ
எனக்குத் தெரியாது.
கார் ஏதும் வரவில்லை. திரும்பலாமே என்று நினைத்தேன்.

என் உள்ளங்கை ஹாரன் மேல் இருந்தது.
எப்போது போனது?

எடுத்து, மடியில் வைத்துக்கொண்டேன்.
முப்பத்தாறு கூடைகளும்
பின்னால் ஆறிக்கொண்டிருந்தன.